கொக்கியில் தொங்கிய ஜன்னல்கள்

காலையில் இருந்த கோப்பு, வேலை நடக்கும் நேரத்தில் இல்லை. சாயங்காலம் பார்த்தால், இருந்த இடத்திலேயே மறுபடியும் இருக்கிறது.

ஒரு பொருள் தொலைந்துபோனால் தேடலாம். தொலையாவிட்டால் சும்மா இருக்கலாம். தேவைப்படும்போது மட்டும் தொலைந்து, தேவை தீர்ந்ததும் திரும்பி வருகிற பொருளை என்ன செய்வது? கட்டிலில் இரண்டு தலையணைகளைச் சாய்த்து உட்கார்ந்து, மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஞாபகக்காரி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். மடிக்கணினியை மடியில் வைக்க வழியில்லை. அந்த இடத்தை, அடுத்த மாதம் பிறக்கப் போகிற குழந்தை முன்கூட்டியே பிடித்துவிட்டது.

போன் அடித்தது. கணவன்.

"கண்ணு, பல் டாக்டர் கிளினிக், மாடி ஜன்னல். கம்பியை எந்த உயரத்துல அடிக்கணும்? ஃபைலைக் காணோம்."

"நேத்து நானே போட்டேங்க. நல்லா பாருங்க."

"நல்லாத்தான் பாக்கறேன். ஏணி மேல நின்னு பாக்கறேன். இன்னும் நல்லா பாக்கணும்னா கூரையைப் பிரிக்கணும்."

"அளவு எடுத்ததே நீங்கதானே?"

"எடுத்ததும் உங்கிட்ட குடுத்துட்டேனே. அப்புறம் எதுக்கு அதை நான் தலையில வெச்சிருக்கணும்?"

இந்தப் பதிலில்தான் அந்தக் கடையின் முழு வரலாறும் அடங்கியிருந்தது.

அது திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை. நாலு பேர். வீடுகளுக்குப் போய் ஜன்னலை அளப்பவனும், கடைசியில் கம்பியடித்துத் திரையை மாட்டுபவனும் கணவன். எப்போதும் தோளில் ஏணியோடு திரிவதால் அவனுக்கு ஏணி என்றே பெயராகிவிட்டது. துணியை வெட்டுவது அவனுடைய அக்கா. தெருவே அவளைக் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடும். தைப்பவர் மெஷின் மாமா. அக்கா வேறு வேலையில் இருந்தால் அவரே வெட்டவும் செய்வார். நாலாவது ஆள், யார் வீட்டு ஜன்னல் எவ்வளவு அகலம், யாருக்கு எந்தத் துணி, யார் எப்போது கேட்டார்கள் என்று எல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருந்த மனைவி. அவளுக்கு ஞாபகக்காரி என்று பெயர் வைத்தது நாத்தனார்தான். பாராட்டாகத்தான் வைத்தாள். ஆனால் பாராட்டிலேயே ஒரு சுமை இருந்தது: அவளைத் தவிர வேறு யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

வயிறு தெரிய ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு ஒரு பயம் வந்தது. கடை இருப்பது தெருவில் இல்லை, தன் தலைக்குள். தலை ஆஸ்பத்திரிக்குப் போனால் கடையும் ஆஸ்பத்திரிக்குப் போகும். "என்னைப் பிரசவ வார்டுக்குள்ள கொண்டுபோனப்புறமும் போன் பண்ணி ஜன்னல் அளவு கேப்பீங்க" என்று அவள் ஒருநாள் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். கணவன் மட்டும் சிரிக்கவில்லை. கேட்கத்தான் போகிறான் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

ஆகவே அவள் கிளவுடில் ஓர் இடம் பிடித்தாள். அதாவது, கடையின் கோப்புகள் எந்த ஒரு கணினியிலும் குடியிருக்காமல், இணையத்தில் ஒரு பொது இடத்தில் இருக்கும். கணவனின் போனிலிருந்தும், வெட்டும் மேசைக் கணினியிலிருந்தும், அவளுடைய கட்டிலிலிருந்தும் அதையே பார்க்கலாம். ஏணி ஒவ்வொரு ஜன்னலையும் படம் எடுத்து, படத்தின் மேலேயே கோடு போட்டு அளவு எழுதிவிடுவான். ஒரு ஜன்னலுக்கு ஒரு படம். எல்லாப் படங்களும் ஒரே பெட்டிக்குள் போகும். பழைய நாளில் இதே அளவுகளைத் துண்டுத் தாளில் எழுதி, வெட்டும் மேசைக்கு அருகே சுவரில் இருந்த கொக்கியில் குத்துவார்கள். அந்த மரியாதைக்காகப் பெட்டிக்குக் 'கொக்கி' என்றே பெயர் வைத்தாள். வெட்டும் மேசைக் கணினியின் திரையிலும் அந்தப் பெட்டி ஒரு சின்னமாக உட்கார்ந்திருந்தது. கையெழுத்துப் புரியவில்லை, தாள் கிழிந்துவிட்டது, சுண்ணாம்புத் தூளில் எண் அழிந்துவிட்டது என்ற பேச்செல்லாம் ஒழிந்தது.

எல்லாம் சரி. கோப்புகள்தான் ஓடிப் பிடித்து விளையாடின.

"இந்த வாரக் கடைசி வரைக்கும் பாக்கலாம்" என்று கத்திரி அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டாள். "சரிப்படலைன்னா பழைய கொக்கிதான். தம்பிக்குச் சந்தேகம்னா உனக்குப் போன் போடட்டும். படுத்துக்கிட்டே சொல்றதுல உனக்கு என்ன கஷ்டம்?"

அந்த வாரக் கடைசிக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது.

ஞாபகக்காரி போனைக் காதில் வைத்தபடியே பெட்டியைத் திறந்து பார்த்தாள். கணவன் சொன்னது உண்மை. மாடி ஜன்னல் இல்லை.

"தேடுற இடத்துல பேரைப் போட்டுப் பாருங்க" என்றாள்.

"என்ன பேரு வெச்சேன்... ஆங். 'சிரிக்காத டாக்டர் மாடி'."

அடுத்து வேறொரு குரல், சற்றுத் தூரத்திலிருந்து: "யாருங்க அது சிரிக்காத டாக்டர்?"

போனில் சுத்தியல் கீழே விழும் சத்தம் கேட்டது.

"அது... வேற ஒரு டாக்டருங்க" என்றான் ஏணி.

"அவங்களுக்கும் மாடி இருக்கோ?"

ஞாபகக்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கோப்புகளுக்கு வாயில் வந்த பெயரை வைக்காதீர்கள் என்று கணவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை. பெட்டியின் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். கிளவுடில் இது ஒரு நல்ல ஏற்பாடு: அழிந்த கோப்பு உடனே அழிந்துவிடாது, கொஞ்ச நாள் தொட்டியில் கிடக்கும். மாடி ஜன்னல் அங்கே கிடந்தது. எடுத்துப் பழைய இடத்தில் போட்டாள்.

"இப்பப் பாருங்க."

"வந்துருச்சு! எங்க இருந்துச்சு?"

"குப்பைல. யார் போட்டதுன்னுதான் தெரியல."

கணவன் கம்பியை அடிக்கப் போனான். அவள் தொட்டிக்குள் இன்னும் உற்றுப் பார்த்தாள். அங்கேதான் விஷயம் விநோதமாக இருந்தது. திங்கட்கிழமை வெட்டிய ஜன்னல்கள் தொட்டியில் இருந்தன. அவையே பெட்டிக்குள்ளும் உயிரோடு இருந்தன. செத்துப்போன ஆள் வீட்டில் உட்கார்ந்து காபி குடிப்பதுபோல. அழித்தவர் யார் என்று பார்த்தால், 'கடை' என்று காட்டியது. போட்டவர் யார்? அதுவும் 'கடை'. நாலு பேரும் ஒரே கணக்கில், ஒரே கடவுச்சொல்லில் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஒரே சாவியை நாலு பேர் வைத்திருந்தால், பூட்டைத் திறந்தது யாரென்று பூட்டுக்குத் தெரியாது.

அன்று மத்தியானமே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தொடங்கினாள். போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். மெஷின் மாமா தன் கடவுச்சொல்லைக் கடை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினார். "மாமா, அது ரகசியம்" என்றாள். "நம்ம கடைக்குள்ள என்னம்மா ரகசியம்?" என்றார். அவரை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைத்தாள்.

யாரும் எதையும் அழிக்கவில்லை என்று மூவரும் உறுதியாகச் சொன்னார்கள்.

"நான் அந்த டெலிட் பட்டன் பக்கமே விரலைக் கொண்டுபோறதில்ல" என்றாள் கத்திரி அக்கா. "பாம்புப் புத்து மாதிரி ஒதுங்கிப் போறேன்."

மறுநாள் காலை பத்து மணிவாக்கில் ஒரு பள்ளிக்கூட ஜன்னல் காணாமல் போனது. யார் எப்போது என்ன செய்தார் என்று பெட்டி எழுதி வைத்திருக்கும் வரலாற்றை ஞாபகக்காரி திறந்தாள். அகற்றியவர் பெயர் தெளிவாக இருந்தது. கத்திரி அக்கா.

அவளுக்குக் கண்டுபிடித்த மகிழ்ச்சி வரவில்லை. நாத்தனார் பொய் சொல்லுகிறவள் இல்லை. வெட்டும்போது அரை விரல் தவறினால்கூட அவளே வந்து சொல்லிவிடுவாள். கணினித் திரையோ பொய் சொல்லத் தெரியாத பொருள். இரண்டு பேரும் உண்மையே சொல்லுகிறார்கள் என்றால், நடுவில் தனக்குத் தெரியாத ஏதோ நடக்கிறது. அதைப் போனில் கேட்டால் சண்டையாகிவிடும். நேரில் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

கொஞ்சம் நடப்பது நல்லது என்று மருத்துவரே சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்சத்தை அவள் பஸ் நிறுத்தம் வரை நீட்டிக்கொண்டாள்.

கடையில் துணிச் சுருள்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தன. நீண்ட மேசை, அதன் விளிம்பில் ஆணியடித்துப் பதித்த இரும்பு அளவுகோல், ஒரு மூலையில் கணினி. கணினியின் மேல் சுண்ணாம்புத் தூள் மெல்லிசாகப் படிந்திருந்தது.

"உன்னை யாரு வரச் சொன்னது?" என்றாள் கத்திரி அக்கா. "படுத்துக்கன்னு சொன்னா பஸ் பிடிச்சு வர்றே. டேய் தம்பி, உன் பொண்டாட்டியைப் பாரு!"

ஏணி உள்ளறையிலிருந்து வாயில் ஆணிகளோடு எட்டிப் பார்த்தான். பேச முடியாததால் கண்ணாலேயே திட்டினான்.

"வீட்ல சும்மா உக்காந்தா போரடிக்குது அண்ணி. நீங்க வேலை பாருங்க. நான் வேடிக்கை பாக்கறேன்."

கத்திரி அக்கா அவளுக்கு முக்காலி போட்டு, முதுகுக்கு ஒரு துணிச் சுருளையும் வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். "அடுத்த ஜன்னல் எடுக்கறேன்!" என்று சத்தமாகச் சொன்னாள்.

"எடுத்தாச்சு!" என்று தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து மாமா பதில் கொடுத்தார்.

அது அந்தக் கடையின் பழைய வழக்கம். பிறகு கத்திரி அக்கா மவுஸைப் பிடித்தாள். கொக்கிப் பெட்டியைத் திறந்தாள். படத்தின் மேல் அம்பை வைத்து அழுத்தி, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி, அதைப் பெட்டியிலிருந்து வெளியே இழுத்து, திரையின் வெற்றிடத்தில் போட்டாள். அந்தச் சுண்டலை ஞாபகக்காரி எங்கோ பார்த்திருக்கிறாள். சுவரைப் பார்த்தாள். கொக்கி. கொக்கியில் குத்திய தாளை நாத்தனார் அப்படித்தான் உருவுவாள்.

அதே நொடியில் ஞாபகக்காரியின் கையில் இருந்த போனில் அந்தப் படம் மறைந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

கத்திரி அக்கா கத்தரிக்கோலைப் போட்டாள். "வலி வந்துருச்சு! டேய், வண்டியை எடுடா!"

ஏணி ஆணிகளைத் துப்பிவிட்டு ஓடிவந்தான். மாமா எதற்கென்றே தெரியாமல் ஒரு மீட்டர் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வலி இல்ல அண்ணி... சிரிப்பு."

"இதுக்கு வலியே வந்திருக்கலாம். என் உயிரே போச்சு. என்னத்துக்குச் சிரிப்பு?"

"இப்ப அந்தப் படத்தை என்ன பண்ணீங்க?"

"எடுத்தேன்."

"எடுத்து?"

"என் மேசைல வெச்சேன். வெட்டி முடிச்சதும் திரும்பக் கொக்கில மாட்டிருவேன். இதுல என்ன இருக்கு?"

ஞாபகக்காரி மூச்சை நிதானப்படுத்திக்கொண்டாள். விளக்குவதற்குச் சொல் தேடிச் சுற்றிலும் பார்த்தாள். திரைச்சீலைக் கடையில் ஜன்னல்களுக்கா பஞ்சம்? முன்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டில் ஒரு ஜன்னல், பின்பக்கம் உள்ளறைக்குத் திறக்கும் ஒரு ஜன்னல்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள். "ஏங்க, நீங்க முன்னாடி கண்ணாடிகிட்ட. மாமா உள்ளறை ஜன்னல். அண்ணி பக்கத்து ஜன்னல்."

ஒரு சிவப்புத் துணிச் சுருளை மேசை மேல், பக்கவாட்டு ஜன்னலிலிருந்து கை எட்டும் இடத்தில் உருட்டிவிட்டாள். "தெரியுதா?"

மூன்று பக்கமிருந்தும் தெரிகிறது என்று சத்தம் வந்தது.

"அண்ணி, ஜன்னல் வழியா கையை விட்டு அதை எடுத்துக்கங்க."

கத்திரி அக்கா கையை நீட்டிச் சுருளைப் பிடித்து, ஜன்னல் வழியாக வெளியே இழுத்துக்கொண்டாள்.

"இப்பத் தெரியுதா?"

"இல்ல" என்றான் ஏணி.

"இல்லம்மா" என்றார் மாமா.

"எனக்குத் தெரியுதே" என்றாள் கத்திரி அக்கா, சுருளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

"அதேதான் அண்ணி. கிளவுடுங்கறது இந்த அறை. உங்க கம்ப்யூட்டர், அவரோட போன், என்னோட லேப்டாப், எல்லாம் ஜன்னல். மூணு பேருகிட்டயும் மூணு படம் இல்ல. அறைக்குள்ள ஒரே ஒரு படம்தான். அதை நீங்க உங்க ஜன்னல் வழியா வெளிய இழுத்துட்டா, மத்த ஜன்னல்ல அறை காலிதான். நீங்க அழிக்கவே இல்ல. ஆனா அறைக்கு அது போன மாதிரிதான். அதனாலதான் குப்பைத் தொட்டில கணக்குக் காட்டுது. சாயங்காலம் நீங்க திரும்ப உள்ள போட்டதும் புதுசா ஒண்ணு வந்த மாதிரி ஆகுது."

கத்திரி அக்கா சுருளோடு உள்ளே வந்தாள். முகத்தில் கொஞ்சம் சங்கடம், கொஞ்சம் பிடிவாதம்.

"சரி. இனிமே இழுக்கல. அங்கயே வெச்சுப் பாக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லு. அந்த நீலப் பட்டு ஞாபகம் இருக்கா?"

யாருக்கு இல்லாவிட்டாலும் ஞாபகக்காரிக்கு இருக்கும். ஒரே ஜன்னலுக்கு அக்கா ஒரு துணியும் மாமா ஒரு துணியும் வெட்டிவிட்டார்கள். அந்தப் பட்டு அதற்குமேல் எங்கும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்துதான், வேலையை எடுப்பவர் சீட்டையும் எடுத்துவிட வேண்டும் என்ற சட்டம் வந்தது. கொக்கியில் தொங்கினால் வேலை பாக்கி. தொங்காவிட்டால் யாரோ கையில் எடுத்துவிட்டார்கள்.

"நான் எடுத்தேன்னு மாமாவுக்கு எப்படித் தெரியும்? படம் அங்கயே தொங்கினா அவரும் வெட்டுவாரு."

"வெட்டுவேன்" என்று மாமா நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

"காப்பி எடுத்து வெச்சுக்கங்களேன் அக்கா" என்றான் ஏணி.

"அசல் கொக்கிலதானேடா இருக்கும்? அதேதானே கதை? அதுவும் போக, நடுவுல நீ அளவை மாத்தினா அசல்லதான் மாறும். நான் காப்பியைப் பாத்துப் பழைய அளவுல வெட்டிட்டு நிப்பேன்."

நாத்தனார் சொன்னதில் ஒரு பிழைகூட இல்லை. மாட்டுகிறவனுக்குப் படம் இருக்க வேண்டும். வெட்டுகிறவர்களுக்கு அது எடுக்கப்பட்டது தெரிய வேண்டும். இருக்கவும் வேண்டும், எடுத்ததாகவும் ஆக வேண்டும். ஞாபகக்காரி சுவரைப் பார்த்தாள்.

"அண்ணி, தாள் இருந்த காலத்துல, கொக்கிலேர்ந்து உருவுன சீட்டை எங்க வெப்பீங்க?"

"இதோ, இந்த ஆணில குத்திக்குவேன்." மேசைக்கு நேர் மேலே சுவரில் ஒரு சின்ன ஆணி இருந்தது. "மாமா நிமிந்து பாத்தா என் ஆணில தொங்கறது தெரியும்."

"அந்த ஆணி எங்க இருக்கு?"

"கண்ணு தெரியலயா? சுவத்துல."

"கடைக்குள்ள."

"பின்ன ரோட்லயா ஆணி அடிப்பாங்க?" என்றவள் அங்கேயே நிறுத்தினாள். கையில் இருந்த சுருளைப் பார்த்தாள். பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஆணியை அறைக்குள்ள அடிக்கணும்" என்றாள்.

"அவ்வளவுதான் அண்ணி."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கொக்கி என்ற பொதுப் பெட்டிக்குள்ளேயே மூன்று சின்னப் பெட்டிகள் போட்டார்கள். பெயர்களைக் கத்திரி அக்காவே சொன்னாள்: 'வெட்டணும்', 'கைல இருக்கு', 'வெட்டியாச்சு'. அவள் சற்றுமுன் எடுத்த ஜன்னலை முதல் பெட்டியில் போட்டு, அதே சுண்டலோடு, அங்கிருந்து இரண்டாவதற்கு இழுத்தாள். எல்லாரும் போனைப் பார்த்தார்கள். படம் இடம் மாறியது. மறையவில்லை.

"நான் 'வெட்டணும்' பெட்டியைத் தவிர வேறெதையும் திறக்க மாட்டேன்" என்று மாமா அறிவித்தார். "எனக்கு வேற ஜன்னலே வேண்டாம்."

"உங்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு" என்று ஞாபகக்காரி கணவனிடம் சொன்னாள். "எல்லாப் பேரையும் மாத்துங்க. முதல்ல இடம், அப்புறம் எந்த அறை, அப்புறம் தேதி. பட்டப்பேரு கூடாது."

"பல் கிளினிக், மாடி, இன்னிக்குத் தேதி" என்று அவன் தட்டினான். "உப்புச் சப்பில்லாம இருக்கு."

"தேடினா கிடைக்கும். யார் பாத்தாலும் கோபப்பட மாட்டாங்க."

"டாக்டர் கோபப்படல. நேத்துத் திரையை மாட்டினதும் பாத்துட்டுச் சிரிச்சாங்க. முதல் தடவையா. பல்லு ரொம்ப நல்லா இருந்துச்சு."

மறுநாள்தான் கெடு முடியும் நாள். ஞாபகக்காரி வீட்டிலேயே இருந்தாள். போனைத் தலைமாட்டில் வைத்து, அதை முறைத்துக்கொண்டே படுத்திருந்தாள். காலை முழுவதும் அது அடிக்கவில்லை. அவளுக்கே கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக 'வெட்டணும்' பெட்டியிலிருந்து நகர்ந்து, 'கைல இருக்கு' வழியாக 'வெட்டியாச்சு' பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூட அறையை விட்டு வெளியே போகவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"எந்த ஃபைலைக் காணோம்?"

"ஃபைலா? அதெல்லாம் இருக்கு" என்றான் ஏணி. "நீ சாப்பிட்டியான்னு கேக்கத்தான் பண்ணேன்."

பின்னாலிருந்து கத்திரி அக்காவின் குரல் கேட்டது. "தீர்ப்பைச் சொல்லுடா அவகிட்ட! கொக்கி இனிமே என் டேப்பை மாட்டறதுக்குத்தான். அவளைப் போனை அணைச்சு வெச்சுட்டு நிம்மதியாப் புள்ளையைப் பெத்துக்கச் சொல்லு!"

ஞாபகக்காரி சாப்பிட்டுவிட்டு, போனை அணைத்துவிட்டுத் தூங்கினாள்.

கடையில் இப்போதும் அதே முறைதான். உள்ளே வர ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி. ஒரு ஜன்னலுக்கு ஒரே ஒரு கோப்பு. அதன் பெயரில் இடம், அறை, தேதி. வேலையை எடுப்பவர் கோப்பைத் தன் கணினிக்கு இழுப்பதில்லை. பொதுப் பெட்டிக்குள்ளேயே ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நகர்த்துகிறார். எடுத்ததும் எல்லாருக்கும் தெரியும், கோப்பும் எல்லாருக்கும் இருக்கும்.